கண்ணாடி மாற்றம்

ஃபோவிங்கலில் ரயில் தரையில் ஓடாது.
கைசர் வீதிக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும்,
இரண்டாம் மாடிச் சமையலறைகளில்
என்ன கறி என்று எட்டிப் பார்த்தபடி.
பலர் திரை போடுவதில்லை.
பழகிவிட்டது.

அந்தத் தண்டவாள நிழலில் என் கடை.
பற்றரி மாற்றுவேன், சிம் விற்பேன்,
வியாழக்கிழமைகளில் மரவள்ளியும் வரும்.

ஒரு கார்த்திகை மாலை கமலரூபன் வந்தான்.
கையில் ரோசா உறை போட்ட போன்,
மூலையில் பல்லிவால் போல ஒரு வெடிப்பு.
"மனுசி இரவு வேலை முடிச்சுப் படுத்திருக்கிறா.
எழும்ப முந்தித் தாங்கோ."

கடவுச்சொல் திருடன் என்றால்
இருட்டறையில் பத்துத் திரைகளோடு
எவனோ ஒருவன் என்று நினைக்கிறார்கள்.
அப்படி ஒருவனை நான் கண்டதில்லை.
நான் கண்டவர்கள் வீட்டுச் சாவி வைத்திருந்தார்கள்.
மூத்தவளின் பெயர், அவள் பிறந்த ஆண்டு:
இரண்டாம் முயற்சியில் திறந்தது.
உடைக்க என்ன இருக்கிறது,
பெயர் வைத்தவனே அவன்தானே.

பதினொரு நிமிடம்.
அவள் கணக்கு அவன் மடிக்கணினியிலும் விழித்துக்கொண்டது.
கணிப்பான் வேடம் போட்ட ஒன்று
அவள் போனுக்குள் குடியேறியது.
முப்பத்தைந்து யூரோ.
பற்றுச்சீட்டு கேட்டான், இவனெல்லாம் பற்றுச்சீட்டு கேட்கிறான்.
'கண்ணாடி மாற்றம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

அதன் பிறகு
அவள் தங்கைக்கு அனுப்பிய சிரிப்பும்
பல்வைத்தியரிடம் கேட்ட நேரமும்
எழுதி, யோசித்து, அனுப்பாமல் அழித்த வரியும்கூட
இன்னொருவனிடம் போய்ச் சேர்ந்தன.
நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.
அன்றைக்கு ஏழு பற்றரி மாற்றியிருந்தேன்.

மாசியில் அவளே வந்தாள்.
சுபாஜினி. ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை.
போனை மரவள்ளிப் பெட்டிக்குள், கிழங்குகளுக்கு அடியில்,
முகம் குப்புற வைத்தாள்.
பிறகுதான் வாய் திறந்தாள்.

"பற்றரி கெதியா இறங்குது.
சும்மா கிடக்கேக்கையும் சுடுது.
நான் ஒருத்தருக்கும் சொல்லாததெல்லாம்
வீட்டில சாப்பாட்டு மேசைக்கு வருது.
தங்கச்சிதான் சொல்லுறாள் எண்டு நினைச்சு
ஆறு கிழமையா அவளோட கதைக்கேல்லை."

மண் துடைத்து எடுத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிச் சூடு.
நான் வைத்தது நான் வைத்த இடத்திலேயே இருந்தது.
அமைப்புகளைத் திறந்து நீட்டினேன்:
இரண்டு சாதனங்கள்.
இரண்டும் வுப்பர்டால்.
இரண்டாவதன் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி,
'இப்போது செயலில்.'

அவள் அந்தப் புள்ளியை
சட்டையில் விழுந்த கறையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்,
எந்தத் தண்ணீரில் போகும் என்று.

"வரேக்கை மொஸ்கோவில
ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டை வாங்கி வைச்சவன்.
அவனையும் அண்ணை எண்டுதான் கூப்பிட்டனான்."

எடுத்துவிடவா என்று கேட்டேன்.
என் குரல் எனக்கே வழுக்கியது.
"வேண்டாம். எடுத்தால் அவருக்குத் தெரிஞ்சிடும்.
அது அங்கேயே கிடக்கட்டும்,
கோயில் நேரமும் கோழிக்கறிப் பக்குவமும்
வாசிச்சுக்கொண்டு இருக்கட்டும்.
எனக்கு வேற ஒரு சின்னப் போன் தாங்கோ. புது சிம்.
முதல்ல தங்கச்சியிட்டை மன்னிப்புக் கேட்கவேணும்,
பிறகு ஒரு வக்கீலைப் பார்க்கவேணும்."

புதுப் போனுக்குக் கடவுச்சொல் போட
எனக்கு முதுகு காட்டித் திரும்பி நின்றாள்.
எட்டு எழுத்துக்கு மேல் இருக்கும்;
விரல் நெடுநேரம் அசைந்தது.

காசை எண்ணி வைத்தாள்.
பற்றுச்சீட்டில் என்ன எழுத என்றேன்.

"அவற்றை ஜக்கெற் பையில கிடந்ததிலை
என்ன எழுதினீங்களோ
அதையே எழுதுங்கோ" என்றாள்,
ரோசா உறையின் மூலையில்
மாற்றப்படாத அந்த வெடிப்பை
நகத்தால் மெல்லத் தடவியபடி.

மேலே ரயில் போனது.
கடை முழுக்க அதிர்ந்தது.
பேனா மூடியை
நான் இன்னும் தேடிக்கொண்டிருந்தேன்.